நிறுத்தும் தேதி இல்லாத மாத்திரை

மூட்டு வலிக்காகப் போன இடத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வலிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, கூடவே 'கேஸ் மாத்திரை' ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஐந்து நாளைக்கு. வலி மாத்திரை ஐந்தாம் நாள் நின்றுவிடும். சத்து மாத்திரை பாதியிலேயே மறந்துபோகும். கேஸ் மாத்திரை மட்டும் நிற்காது. காலி அட்டையைக் கடையில் நீட்டினால் அடுத்த அட்டை வந்துவிடும். பல் தேய்ப்பதற்கும் முதல் காபிக்கும் நடுவில் ஒரு மாத்திரை என்பது எத்தனையோ வீடுகளில் வருடக்கணக்கான பழக்கம். எதற்காக ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால் "வயித்துக்கு" என்பார்கள். யார் தொடரச் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது.

பான்டோபிரசோல், ஓமெப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல், லான்சோபிரசோல் என்று பெயர் 'பிரசோல்' என முடியும் மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம். மருத்துவத்தில் இவற்றுக்குப் 'புரோட்டான் பம்ப் தடுப்பான்கள்' என்று பெயர். டாக்டர்கள் சுருக்கமாக பிபிஐ என்பார்கள். அட்டையின் பின்பக்கம் ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சிவப்புக் கட்டத்துக்குள் அச்சிட்டிருக்கும். அந்த எச்சரிக்கையை விற்பவரும் படிப்பதில்லை, வாங்குபவரும் படிப்பதில்லை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை கெட்ட மாத்திரை அல்ல. தேவைப்படுகிறவருக்கு இது உயிர் காக்கும் மருந்து. தேவை முடிந்த பிறகும் தொடர்வதும், தேவையே இல்லாதவருக்கு ஆரம்பிப்பதும்தான் பிரச்சினை.

வயிற்றைக் கிழித்த காலம்

இன்று 70, 80 வயதைத் தாண்டிய சிலரின் மேல்வயிற்றில் நெடுக்காக ஒரு தழும்பு இருக்கும். 'அல்சர் ஆபரேஷன்' என்பார்கள். இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துத் தைப்பது அந்தக் காலத்து வைத்தியம். அல்சர் ஓட்டை விழுந்து இறந்தவர்கள், ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் பற்றிய நினைவு இல்லாத பெரிய குடும்பங்கள் தென்னிந்தியாவில் குறைவு.

1976-ல் சிமெடிடின் என்ற மருந்து வந்தது. ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் அமிலச் சுரப்பைத் தூண்டும் வழியை அது அடைத்தது. அதற்கு அடித்தளமிட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அதே வழியில் வந்ததுதான் நம் ஊரில் ஒரு தலைமுறையே கேட்டு வாங்கிய ரானிடிடின். 1988-லேயே சுவீடனில் உருவான ஓமெப்ரசோல் விற்பனைக்கு வந்தது. அமிலத்தைக் குறைப்பதில் முந்தைய மருந்துகள் எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் காரமோ கவலையோ அல்ல, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இன்று இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக்குகளும் ஒரு பிபிஐயும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமி ஒழிந்துவிடுகிறது. கத்தி தேவைப்பட்ட நோய்க்கு 14 நாள் மாத்திரை போதும் என்றானது மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அந்த வெற்றி தந்த துணிச்சலில்தான், ஏப்பம் வந்தாலும் அதே மாத்திரை என்ற இடத்துக்கு நாம் வந்து சேர்ந்தோம்.

உள்ளே என்ன செய்கிறது?

இரைப்பைச் சுவரில் உள்ள சில செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு வரப்போகிறது என்றதும் அவை விழித்துக்கொள்ளும். பிபிஐ ரத்தத்தின் வழியாக அங்கே போய், இயங்கிக்கொண்டிருக்கும் பம்பைப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. பிடித்தால் பிடித்ததுதான், உடல் புதிய பம்புகளைச் செய்துகொண்டால்தான் மறுபடி அமிலம் முழு அளவில் சுரக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட்டால்தான் பலன் முழுமை. ராத்திரி பிரியாணி சாப்பிட்டு முடித்து, நெஞ்சு எரிந்த பிறகு போடுகிறவருக்கு அது அப்போதைக்குப் பெரிதாக உதவாது. இரண்டாவது, முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். ஒரே மாத்திரையில் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு, மாத்திரை இல்லாமலும் அந்த எரிச்சல் அடங்கியிருக்கும்.

அமிலம் ஏன் இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். சாப்பாட்டோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியை அது கொல்கிறது. புரதம் செரிக்கும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றுகிறது. மீன், முட்டை, இறைச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பி12 வைட்டமினைப் பிரித்துக் கொடுக்கிறது. இத்தனை வேலை செய்யும் ஒன்றை எட்டு வாரம் அடக்கிவைப்பது ஒரு கணக்கு. எட்டு வருடம் அடக்கிவைப்பது வேறு கணக்கு.

எதை நம்பலாம், எதற்குப் பயப்படலாம்?

இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், மறதி நோயைக் கொண்டுவரும், எலும்பை முறிக்கும், கேன்சர் வரும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. சிலர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாதவர்களும் அதில் உண்டு. அதனால் சான்றுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மூன்று எச்சரிக்கைகளை அடுத்தடுத்து வெளியிட்டது. 2010-ல் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு பற்றி. குறிப்பாக அதிக டோஸில் அல்லது ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடுகிற, 50 வயதைத் தாண்டியவர்களுக்கு. 2011-ல் ரத்தத்தில் மெக்னீசியம் குறைவது பற்றி. 2012-ல் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற குடல் கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கு பற்றி. மெக்னீசியம் விஷயம் நம்மிடம் அதிகம் பேசப்படுவதில்லை. கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, படபடப்பு, முற்றினால் வலிப்பு வரை போகும். எஃப்டிஏ பார்த்த நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்தும் அளவு ஏறவில்லை. பிபிஐயை நிறுத்த வேண்டியிருந்தது. வீக்கத்துக்கும் பிரஷருக்கும் நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கிட்னி பற்றிய பயத்தில் ஒரு பகுதி உண்மை. சிலருக்கு இந்த மருந்து ஒருவித ஒவ்வாமையைத் தூண்டி, சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்குகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அசதி, பசியின்மை தவிர வேறு அறிகுறி இருக்காது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகமும் 2019-ல், திடீர் சிறுநீரகப் பாதிப்பைப் பக்க விளைவாக மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. வலி மாத்திரையையும் இதையும் மாதக்கணக்கில் சேர்த்து விழுங்குகிறவர்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆபத்து.

மறதி நோய், நாள்பட்ட சிறுநீரக நோய் போன்றவற்றோடு தொடர்புபடுத்திய ஆய்வுகள் பெரும்பாலும் 2016-ஐ ஒட்டி வந்தவை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் மருத்துவப் பதிவுகளை வைத்து ஒப்பிட்டவை அவை. பிபிஐ சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே வயதானவர்கள், பருமனானவர்கள், பல நோய் உள்ளவர்கள். நோய் மாத்திரையால் வந்ததா, மற்றவற்றால் வந்ததா என்று அந்த வகை ஆய்வால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. 2019-ல் வெளியான காம்பஸ் என்ற ஆய்வு வேறு வகை. இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள சுமார் 17,600 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோபிரசோலும் மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து மூன்று வருடம் பார்த்தார்கள். மறதி நோயிலோ, எலும்பு முறிவிலோ, சிறுநீரக நோயிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. குடல் தொற்று மட்டும் கூடியது: போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 1 சதவீதம், பான்டோபிரசோல் சாப்பிட்டவர்களில் 1.4 சதவீதம்.

இது ஆறுதலான செய்தி. ஆனால் மூன்று வருடத்துக்கான ஆறுதல். நம்மில் பலர் பத்து, பதினைந்து வருடம் சாப்பிடுகிறோம். அதற்கு இந்த ஆய்வு உத்தரவாதம் தரவில்லை. தவிர, குடிநீரும் தெருவோரச் சட்னியும் எப்போதும் சுத்தம் என்று சொல்ல முடியாத ஊரில், கிருமியைக் கொல்லும் அமிலத்தை அடக்கிவைப்பதன் விலை கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

நம் ஊருக்கே உரிய இரண்டு கவலைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. அவர்களில் மிகப் பலர் சாப்பிடும் மருந்து மெட்ஃபார்மின். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும் என்பது தெரிந்த விஷயம். பிபிஐயும் பி12-ஐக் குறைக்கும். 2013-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், இரண்டு வருடத்துக்கு மேல் பிபிஐ சாப்பிட்டவர்களிடம் பி12 குறைபாடு அதிகமாகக் காணப்பட்டது. சர்க்கரை நோயாளிக்கு இரண்டும் சேரும்போது கால் எரிச்சல், மரத்துப்போதல், தள்ளாட்டம் வரலாம். 'சுகர் நரம்பைப் பிடித்துவிட்டது' என்று நினைத்து அதற்கு இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள். அந்தக் கால் எரிச்சலில் ஒரு பங்கு ஊசி போட்டுச் சரிசெய்யக்கூடிய பி12 குறைபாடாக இருக்கலாம். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் கவலை இன்னும் கூடுதல். வருடத்துக்கு ஒரு முறை பி12 அளவைப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது ரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்கிறோம், இரும்பு மாத்திரை கொடுக்கிறோம். இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்பதற்காகக் கூடவே பிபிஐயும் எழுதுகிறார்கள். இரும்பை உடல் ஏற்க அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரை அதே சீட்டில். ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று மாதக்கணக்கில் அலையும் பெண்கள் தங்கள் மருந்துப் பட்டியலை ஒரு முறை பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இது பொருந்தும். பிபிஐ சேர்ந்தால் அது சரியாக ஏறாமல் போகலாம், டோஸை மாற்ற வேண்டியிருக்கும்.

'டி' என்று முடியும் அட்டைகள்

கடையில் மாத்திரைப் பெயரின் முடிவில் 'டி' என்றோ 'டிஎஸ்ஆர்' என்றோ இருந்தால், அதில் டோம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரைப்பையிலிருந்து உணவைச் சீக்கிரம் கீழே தள்ளுவதற்கும் வாந்தியை நிறுத்துவதற்குமான மருந்து அது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்து இருப்பதால், ஐரோப்பிய மருந்துகள் முகமை 2014-ல் அதை வாந்தி, குமட்டலுக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்குள் என்று கட்டுப்படுத்தியது. நெஞ்செரிச்சலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கக் கூடாது என்றது. அமெரிக்காவில் அதற்கு ஒப்புதலே கிடையாது. இங்கே அது கேஸ் மாத்திரைக்குள் இருந்துகொண்டு, நெஞ்செரிச்சலுக்கும் உப்புசத்துக்கும்தான் மாதக்கணக்கில் விற்பனையாகிறது. இந்த முழு விவகாரத்திலும் எனக்கு அதிகக் கோபம் தருவது இதுதான். இதய நோயாளிகள், 60 வயதைத் தாண்டியவர்கள், எரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் போன்ற மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கூட்டு மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

ரானிடிடின் கதை தெரிந்ததுதான். என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய மாசு அதில் இருப்பது தெரிந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அதை விலக்கச் சொன்னார்கள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-ல் நீக்கப்பட்டது. பழைய அட்டை வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அந்த வகையில் இன்று டாக்டர்கள் தருவது ஃபமோடிடின்.

கேஸ் என்று நினைத்தது இதயமாக இருக்கலாம்

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைக் கடக்க முடியாது. நடு நெஞ்சில் பாரம், அழுத்தம், எரிச்சல், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டுதல், மூச்சு வாங்குதல். இவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் குமட்டலும் மேல்வயிற்று அசௌகரியமுமாக மட்டும் வரலாம். 'கேஸ்தான், ஒரு சோடா குடித்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடும்' என்று காத்திருந்து, விடிவதற்குள் இறந்துபோனவர்களைப் பற்றி ஒவ்வொரு தெருவிலும் கேள்விப்பட்டிருப்போம். 40 வயதைத் தாண்டியவருக்கு இப்படி வந்தால் முதலில் இசிஜி. கேஸ் மாத்திரை அப்புறம். உடனே 108-ஐ அழையுங்கள். தமிழ்நாடு அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளை 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கிறார்கள்.

விழுங்கும்போது சாப்பாடு அடைப்பது, தானாக எடை குறைவது, மலம் தார் போலக் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, காரணம் தெரியாத ரத்தசோகை ஆகியவை இருந்தாலும் மாத்திரை போட்டுச் சமாளிக்கக் கூடாது. எண்டோஸ்கோபி தேவைப்படலாம். மாத்திரை எரிச்சலை அடக்கிக்கொண்டே இருந்தால், உள்ளே வளரும் புற்றுநோய் தாமதமாகத்தான் பிடிபடும்.

மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை, ஒருவழிக் கதவு போல இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். அது நேரம் கெட்ட நேரத்தில் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். அதுதான் எதுக்களிப்பு, நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். பெரும்பாலோருக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதில்லை. சுரக்கும் அமிலம் இடம் மாறிப் போகிறது. பிபிஐ அந்தத் தசையைச் சரிசெய்வதில்லை. மேலே ஏறும் திரவத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தசையின் மீது விழும் அழுத்தத்தைக் குறைக்க நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

முதல் இடம் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பு சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். இதைச் சொல்வது எளிது. இரவு பத்து மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வருகிறவருக்கும், கடைசி டிரிப் முடித்து டிப்போவுக்கு வரும் கண்டக்டருக்கும், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் ஐடி ஊழியருக்கும் இது எப்படி முடியும் என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: பெரிய சாப்பாட்டை மாலை ஆறு, ஏழு மணிக்கு வேலையிடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து பசித்தால் இரண்டு இட்லி, கொஞ்சம் மோர் சாதம் என்ற அளவில் நிறுத்துங்கள். பதினொரு மணிக்கு நாலு பரோட்டாவும் சால்னாவும் ஆம்லெட்டும் சாப்பிட்டுப் பதினொன்றரைக்குப் படுத்தால், எண்ணெயும் மைதாவும் இரைப்பையிலேயே தங்கி நிற்கும். படுத்த நிலையில் அமிலம் ஏறுவதற்குத் தடையும் இருக்காது.

அடுத்தது வயிற்றுச் சதை. தொப்பை இரைப்பையைக் கீழிருந்து அழுத்துகிறது. எடை கூடியவர்கள் கொஞ்சம் குறைத்தாலே எரிச்சல் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்கச் செவிலியர்களிடம் நீண்ட காலமாக நடக்கும் ஆய்வொன்றில், ஏறக்குறைய 43,000 பெண்களைப் பார்த்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். சரியான எடை, புகைக்காமை, தினம் அரை மணி நேர உடற்பயிற்சி, காபி, டீ, சோடா நாளுக்கு இரண்டு கோப்பைக்குள், நல்ல உணவு ஆகிய ஐந்தும் சேர்ந்தால் நெஞ்செரிச்சல் அறிகுறிகளில் சுமார் 37 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தப் பழக்கங்கள் பலன் தந்தன. மாத்திரை கம்பெனிக்கு இதில் லாபம் இல்லை. அதனால் இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

படுக்கும் விதமும் முக்கியம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்குகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் உடம்பு வயிற்றில் மடங்கி அழுத்தம் கூடத்தான் செய்யும். பாயில் படுக்கிறவர்கள் தோளிலிருந்து சாய்வாக வரும்படி கெட்டியான மெத்தைத் துண்டையோ மடித்த ஜமக்காளத்தையோ அடியில் கொடுக்கலாம்.

காரம், புளி, ரசம், சாம்பார் எல்லாவற்றையும் விலக்கு என்ற பட்டியலை நான் தரப்போவதில்லை. எல்லோருக்கும் ஒரே உணவு ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஒருவருக்கு வெறும் வயிற்று ஃபில்டர் காபி, இன்னொருவருக்கு எண்ணெயில் பொரித்தது, மூன்றாமவருக்குத் தக்காளித் தொக்கு. இரண்டு வாரம் என்ன சாப்பிட்டோம், எப்போது எரிந்தது என்று ஒரு நோட்டில் எழுதினால் உங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிடும். அதை மட்டும் குறையுங்கள். சிகரெட், பீடி, மது, புகையிலை ஆகியவை தசையைத் தளர்த்துவதும் எரிச்சலைக் கூட்டுவதும் பொதுவானது. கேஸுக்கு நல்லது என்று குடிக்கும் கோலி சோடா வயிற்றை ஊதவைத்துக் கதவைத் திறக்கத்தான் உதவும். எரிந்தவுடன் கலந்து குடிக்கும் நுரைப் பொடிகளில் சோடியம் அதிகம். பிரஷர் உள்ளவர்கள் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. செரிமானத்துக்கு என்று நம்பும் புதினா, சுருக்குத் தசையைத் தளர்த்தக்கூடியது.

மூச்சுப் பயிற்சியையும் சொல்ல வேண்டும். அந்தச் சுருக்குத் தசையைச் சுற்றி உதரவிதானம் அணைத்திருக்கிறது. வயிறு புடைக்கும்படி மெதுவாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி அந்த இடத்தைப் பலப்படுத்துகிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் 2012-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இந்தப் பயிற்சி செய்தவர்களுக்கு அமிலம் ஏறுவது குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை.

நெஞ்செரிச்சலுக்குக் காரணம் வேறொரு மாத்திரையாகவும் இருக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் வகை, ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரைகள் ஆகியவை இதைத் தூண்டக்கூடியவை. அந்த மாத்திரைகளை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டாலே சிலருக்குப் பிரச்சினை தீரும்.

கைக்குழந்தை பால் கக்குவது பெரும்பாலும் இயல்பு. அழுகிறது, கக்குகிறது என்பதற்காக மட்டும் அமில மருந்து கொடுக்க வேண்டியதில்லை.

நிறுத்துவது எப்படி, யார் நிறுத்தக் கூடாது?

டென்மார்க்கில் 2009-ல் ஓர் ஆய்வு நடந்தது. நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல், பிறகு போலி மாத்திரை. மற்றவர்களுக்கு முழுக்கப் போலி மாத்திரை. மருந்தை நிறுத்திய பிறகு, பிபிஐ சாப்பிட்டவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலம் சார்ந்த தொந்தரவு வந்தது. மற்றவர்களில் 15 சதவீதம். ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு மருந்தே எரிச்சலை வரவழைத்திருக்கிறது. அமிலத்தை அடக்கி வைத்த காலத்தில், உடல் அதை ஈடுகட்டச் சுரப்புத் தூண்டுதலைக் கூட்டிக்கொள்கிறது. தடை விலகியதும் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரக்கும். 'நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை, எனக்கு இது இல்லாமல் ஆகாது' என்று சொல்கிறவர்களில் பலர் சிக்கிக்கொண்டிருப்பது இங்கேதான். அவர்களுக்கு நோய் திரும்பவில்லை. மருந்து விட்டுப்போன விளைவு அது. சில வாரம் தாக்குப்பிடித்தால் அடங்கும். அந்தச் சில வாரத்துக்குத் தேவைப்படும்போது மட்டும் ஆன்டாசிட் திரவமோ ஃபமோடிடினோ டாக்டர் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். டோஸைப் பாதியாக்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைப்பது ஒரு வழி. ஒரே நாளில் நிறுத்துவது இன்னொரு வழி. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டல் இரண்டையும் ஏற்கிறது.

அதே வழிகாட்டல், சிலர் நிறுத்தவே கூடாது என்றும் அழுத்திச் சொல்கிறது. உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், பாரட் உணவுக்குழாய் என்ற மாற்றம் உள்ளவர்கள், அல்சரில் ரத்தக்கசிவு வந்தவர்கள், ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவர்கள். ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களில் பலர் இந்தக் கடைசி வகைக்குள் வருவார்கள். இவர்களில் வயதானவர்கள் இதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு வரலாம். குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்கள் ஓமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் அதன் வேலையைக் கெடுக்கக்கூடும் என்பதால், வேறு பிபிஐக்கு மாற்ற வேண்டுமா என்று இதய டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இந்த விஷயத்தில் டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். 25 வயது இளைஞனுக்குக் காய்ச்சலுக்கு மூன்று நாள் மாத்திரை எழுதும்போது, அதோடு இதையும் சேர்த்து எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அல்சர் வந்தவர், 65 வயதைத் தாண்டியவர், ஸ்டீராய்டோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ சாப்பிடுகிறவர் என்றால் வலி மாத்திரையோடு எழுதுங்கள்; மற்றவர்களுக்கு வேண்டாம். எழுதினால் எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

வாசகர்களுக்கு: அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கேஸ் மாத்திரையைத் தனியே எடுத்துக் காட்டி, இது எதற்காக, எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள். நிறுத்தலாம் என்றால், அவர் சொல்லும் முறையில் நிறுத்துங்கள். தொடர வேண்டும் என்றால் காரணத்தைக் கேட்டுக்கொண்டு, பி12, மெக்னீசியம், கிரியாட்டினின் பரிசோதனைகளை எப்போது செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.